மரம் எவ்ளோதான் சாப்பிடும்?

ஒரு சின்ன டெஸ்ட். பயப்படாதீங்க, இதுல அரியர் விழாது. உங்க காலேஜ் கேட் பக்கத்துல ஒரு தூங்குமூஞ்சி மரம் நிக்குது இல்லையா... (அது இல்லைன்னா ஒரு வேப்பமரமாவது நிக்கும்!) அவ்ளோ பெரிய உடம்பு அதுக்கு எங்கேயிருந்து வந்தது?

'மண்ணுலேருந்து'ன்னு சொல்வீங்க. அப்படின்னா மரத்தைச் சுத்தி ஒரு பெரிய பள்ளம் விழுந்திருக்கணுமே? 'தண்ணியிலேருந்து'ன்னு சொன்னா கொஞ்சம் கிட்ட வந்துட்டீங்க. ஆனா கட்டையை நல்லா காயவெச்சு எடை போட்டுப் பார்த்தா, அதுல ஏறக்குறைய பாதி கார்பன். அந்த கார்பன் காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடிலிருந்து இலை வழியா உள்ளே போனது. நீங்க கிளாஸ் கட் அடிச்சுட்டு சாய்ஞ்சு உட்கார்ற அந்த அடிமரம், ஒரு காலத்துல யாரோ விட்ட மூச்சு, எங்கேயோ எரிஞ்ச விறகோட புகை.

இதை எங்க கேண்டீன்ல சொன்னப்போ ஒரு ஃபிரெண்ட் டக்குன்னு கேட்டான். "அப்போ உலகத்துலயே கொழுகொழு மரம் நம்ம கும்மிடிப்பூண்டியிலதான் இருக்கணும். சிம்னி சிம்னியா சாப்பாடு போடறோமே!"

டீ ஆறிப்போற வரைக்கும் சிரிச்சோம். ஆனா ஜூன் 5 வந்தா எங்க ஏரியாவுல நடக்கிற மரம் நடுவிழாக்கள்ல மைக் பிடிக்கிறவங்க பல பேர் அதையேதான் சீரியஸா சொல்றாங்க. புகை வருதா? மரம் நடு. மரம் அதைச் சாப்பிட்டுக்கும். கணக்கு டேலி!

இந்தக் கணக்கு நிஜமாவே டேலி ஆகுதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எங்கப்பா சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல இருபது வருஷமா வேலை பார்க்கிறார். நான் கட்டுற ஃபீஸ், போட்டிருக்கிற செருப்பு எல்லாமே அந்த உலைச் சூட்டுல வந்த காசு. ஃபேக்டரியே வேணாம்னு கொடி பிடிக்க எனக்கு மனசு வராது. புகையை மரம் பார்த்துக்கும்னு தலையாட்டவும் மனசு வராது. அதனால ஃபைனல் இயர் செமினாருக்கு இதையே டாபிக்கா எடுத்தேன். படிச்சதுல பாதி மொக்கை. மீதி, தூக்கத்தைக் கெடுத்துது. அந்த மீதியைத்தான் உங்ககிட்ட சொல்லப்போறேன்.

முதல்ல சிம்னியைப் பார்த்துடுவோம். சென்ட்ரல்லேருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல்ல வந்திருக்கீங்களா? எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டுன்னு வரும்போது அனல் மின் நிலையங்களோட சிம்னிகள் ஜன்னல்ல தெரியும். புகையே தெரியலைன்னா 'இன்னிக்கு லீவு போல'ன்னு நினைச்சுடாதீங்க. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. கண்ணுக்குத் தெரியற கருப்பும் பழுப்பும் தூசி, கரி, சாம்பல் வகையறா. அதை எந்த மரமும் சாப்பிடாது. இலை மேல படிஞ்சு வெளிச்சத்தை மறைக்கும், அவ்ளோதான்.

இன்னொரு விஷயம், சிம்னியிலிருந்து வெளியே வர்ற கார்பன் டை ஆக்சைடு அந்த ஊர்லயே டேரா போடாது. காற்றோட கலந்து உலகம் பூரா சுத்தும். அத்திப்பட்டுல விட்டது ஆல்ப்ஸ் மலை மரத்துக்கும் போகும். அதனாலதான் பசிபிக் கடல் நடுவுல, ஹவாய் தீவுல இருக்கிற மௌனா லோவா மலை மேல உட்கார்ந்துக்கிட்டு உலகத்துக்கே கணக்கு எடுக்க முடியுது. சார்லஸ் கீலிங்ங்கிற விஞ்ஞானி 1958ல் அங்கே அளக்க ஆரம்பிச்சப்போ பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கார்பன் டை ஆக்சைடு இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன்னாடி அது 280 போல இருந்தது. 2024ல் 420ஐத் தாண்டிடுச்சு. ஆகவே என் ஃபிரெண்டுக்குப் பதில்: கும்மிடிப்பூண்டி மரத்துக்குன்னு ஸ்பெஷல் மீல்ஸ் எதுவும் கிடையாது. உலகத்து மரம் எல்லாத்துக்கும் ஒரே பந்தி, இலையில விழுற சோறு மட்டும் வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது.

சோறு கூடினா மரம் குண்டாகுமா? இலைக்குள்ள எட்டிப் பார்த்தா 'ஆகும்'னுதான் தோணும். ப்ளஸ் டூ பயாலஜியில ருபிஸ்கோன்னு ஒரு என்சைம் படிச்சிருப்பீங்க. கார்பன் டை ஆக்சைடைப் பிடிச்சு சர்க்கரை ஆக்குற வேலை அதோடது. ஆனா ஆள் கொஞ்சம் அவசரக்குடுக்கை. பக்கத்துல ஆக்சிஜன் வந்தா அதையும் தப்பா பிடிச்சுடும். அப்படிப் பிடிச்சா ஏற்கெனவே சேர்த்த கார்பன்ல கொஞ்சம் வீணாகும். வெயில் ஏற ஏற இந்தத் தப்பும் கூடும். காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகமானா தப்பு குறையும், உற்பத்தி கூடும். கூடவே ஒரு போனஸும் உண்டு. இலைத்துளையை முழுசா திறந்து வைக்காமலே தேவையான காற்று உள்ளே வந்துடும்ங்கிறதால, தண்ணி ஆவியாகிப் போறதும் குறையும். தொட்டியில கன்று வெச்சு, உரம் போட்டு, வேளாவேளைக்குத் தண்ணி ஊத்தி கண்ணாடிக் கூண்டுக்குள்ள சோதனை பண்ணினா ரிசல்ட் பிரமாதமா வந்தது. நியாயம்தானே? ஹாஸ்டல்ல வளர்ற பையனை விட பாட்டி வீட்டுல வளர்ற பையன் புஷ்டியாத்தான் இருப்பான்.

ஆனா காடு யாருக்கும் பாட்டி வீடு கிடையாது. அதனால விஞ்ஞானிகள் கூண்டைத் தூக்கிப் போட்டுட்டு நேரா காட்டுக்கே போனாங்க. மரங்களைச் சுத்தி வட்டமா உயரமான குழாய்க் கம்பங்களை நட்டு, காற்று அடிக்கிற திசையைப் பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைத் திறந்து விடுறது. சுவர் கிடையாது, கூரை கிடையாது. மழை, வெயில், பூச்சி எல்லாம் வழக்கம் போல. உள்ளே இருக்கிற மரம் மட்டும் இன்னும் சில பத்து வருஷம் கழிச்சு வரப்போற காற்றை இன்னிக்கே சுவாசிக்கும். ஃபேஸ்னு இதுக்குப் பேரு.

இதுல என்னைப் பிடிச்சு உட்கார வெச்சது ஆஸ்திரேலியாவுல, சிட்னிக்கு மேற்கே நடக்கிற சோதனை. 2012ல் ஆரம்பிச்சது. அங்கே இருக்கிற மரம் எது தெரியுமா? யூகலிப்டஸ் டெரிடிகார்னிஸ். நம்ம தைலமரம்! நம்ம ஊர்ல காகித மில்லுக்காக வரிசை வரிசையா நட்டு வளர்க்கிறாங்களே, அதுல முக்கியமான வகை இது. அதோட சொந்த ஊர்ல, நல்லா முத்தின மரங்களுக்கு, வழக்கத்தை விட 150 பங்கு அதிகமா கார்பன் டை ஆக்சைடு கொடுத்துப் பார்த்தாங்க. ரிசல்ட் 2020ல் 'நேச்சர்' பத்திரிகையில வந்தது. இலைகள் நிஜமாவே அதிகமாச் சாப்பிட்டிருந்தது, 12 சதவீதம் கூடுதலா. மரம் எவ்ளோ பருத்தது? ஒண்ணும் இல்லை. உள்ளே போன கூடுதல் கார்பன்ல பெரும் பகுதி திரும்பக் காற்றுக்கே வந்துடுச்சு. பாதி, மண்ணு வழியாவே.

நம்ப முடியலை இல்லையா? இப்படி யோசிச்சுப் பாருங்க. மெஸ்ஸுல பிரியாணி போடறதா மாஸ்டர் சொல்றார். அரிசி மூட்டை மூட்டையா வந்து இறங்குது. கறி மட்டும் போன வாரம் வந்த அதே ரெண்டு கிலோ. எத்தனை பேருக்குப் பிரியாணி கிடைக்கும்? காற்றிலிருந்து வர்ற கார்பன்தான் அரிசி. மண்ணிலிருந்து வரவேண்டிய பாஸ்பரஸ், நைட்ரஜன்தான் கறி. சிட்னி பக்கத்து மண்ணுல பாஸ்பரஸ் ரொம்பக் கம்மி. கூடுதலா செஞ்ச சர்க்கரையை வெச்சு மரத்தால உடம்பு கட்ட முடியலை. வேர் வழியா மண்ணுக்குள்ள விட்டது, அங்கே இருந்த நுண்ணுயிர்கள் தின்னு மூச்சா விட்டுடுச்சு.

எல்லா இடத்துலயும் இதே கதைன்னு சொல்ல மாட்டேன். அமெரிக்காவுல டென்னசி மாநிலம் ஓக் ரிட்ஜில் 1998லிருந்து ஸ்வீட்கம்ங்கிற மரத்தோப்புல சோதனை நடந்தது. முதல் சில வருஷம் உற்பத்தி 24 சதவீதம் வரை கூடினது. 2008ல் பார்த்தா அது 9 சதவீதமா இறங்கிடுச்சு. மண்ணுல நைட்ரஜன் தட்டுப்பாடு! இங்கிலாந்துல, பர்மிங்காம் பல்கலைக்கழகம் 180 வயசு ஓக் மரங்களுக்கு 2017லிருந்து கார்பன் டை ஆக்சைடு கொடுத்துக்கிட்டு வருது. தாத்தாக்கள் அசத்திட்டாங்க. ஏழு வருஷத்துல மரக்கட்டை உற்பத்தி சராசரியா 9.8 சதவீதம் அதிகம்னு 2024ல் சொன்னாங்க. ஆக, வளரும்; வளராமலும் போகும். மண்ணைக் கேட்டுத்தான் சொல்லணும். 'மரம் பார்த்துக்கும்'னு மைக்ல சொல்றவர் மண்ணைக் கேட்டாரா?

எங்க ஊருக்கு இன்னும் பொருத்தமான சோதனை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஆஸ்பென் மரங்களுக்குக் கார்பன் டை ஆக்சைடோட ஓசோனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தாங்க. மேலே வானத்துல இருந்து நம்மைக் காப்பாத்துற ஓசோன் இல்லை இது. வண்டிப்புகையும் ஃபேக்டரிப் புகையும் வெயில்ல வெந்து தரையோரமா உண்டாகுற ஓசோன், இலைக்கு விஷம். கார்பன் டை ஆக்சைடு கொடுத்த லாபத்தை ஓசோன் பெருமளவு சுரண்டிடுச்சு. கொல்கத்தா ஹைவேயில சாயங்காலம் லாரிகள் வரிசை கட்டி நிக்கிறப்போ எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகம் வரும். புகைன்னா அதுல சாப்பாடும் இருக்கு, விஷமும் இருக்கு. ரெண்டையும் ஒரே சிம்னிதான் பரிமாறுது.

இதுவரைக்கும் சாப்பாட்டுக் கதை. இனிமே வெயில்.

எங்கப்பாவோட டிபன் பாக்ஸ் சில நாள் பாதி சாப்பாட்டோட திரும்பி வரும். அம்மா சத்தம் போடுவாங்க. அப்பா சொல்ற பதில் ஒண்ணுதான். "உலை பக்கத்துல நின்னுப் பாரு. பசியா எடுக்கும்? தாகம்தான் எடுக்கும்." மரத்துக்கும் அதே நிலைமைதான்னு செமினார் ஸ்லைடுல போட்டேன், மேடம் சிரிச்சுட்டாங்க. ஆனா விஷயம் அதுதான். காற்று ஒரு டிகிரி சூடானா, அது தாங்கிப் பிடிக்கிற நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். அதாவது காற்றுக்கே தாகம் ஜாஸ்தியாகுது. அது இலையிலிருந்து தண்ணியை உறிஞ்சும். மரம் என்ன பண்ணும்? தண்ணியைக் காப்பாத்த இலைத்துளையை மூடிக்கும். மூடினா கார்பன் டை ஆக்சைடு எப்படி உள்ளே வரும்? எதிர்ல தட்டு நிறைய சோறு, ஆனா வாயைத் திறக்க முடியாது. ராத்திரியும் நிம்மதி இல்லை. சூடு கூடினா மரம் மூச்சு விடறதும் கூடும், பகல்ல சேர்த்ததை அதுல செலவழிக்கும். நாளாக நாளாக மரம் கொஞ்சம் பழகிக்கும்தான். ஆனாலும் சேமிப்புக் கணக்குல ஓட்டை ஓட்டைதான்.

நம்ம திருவள்ளூர் மாவட்ட வெயிலைப் பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? மே மாசம் நியூஸ்ல 'சதம் அடித்த ஊர்கள்' லிஸ்ட் போட்டா திருத்தணி அதுல ஓப்பனிங் பேட்ஸ்மேன். பக்கத்துல சென்னையில 2003 மே மாசம் 45 டிகிரி பதிவானது. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, நேர் வெயில்ல இருக்கிற இலை, சுத்தியுள்ள காற்றை விடச் சூடா இருக்க முடியும். வெப்பமண்டல மரங்களோட இலைகள்ல ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாக ஆரம்பிக்கிற சூடு சராசரியா 46.7 டிகிரின்னு 2023ல் ஒரு ஆய்வு சொன்னது. விண்வெளியிலிருந்து காடுகளோட சூட்டை அளந்து பார்த்தா, இப்பவே உச்சியில இருக்கிற பத்தாயிரம் இலைகள்ல ஒண்ணு வருஷத்துல ஒரு தடவையாவது அந்தக் கோட்டைத் தாண்டுதாம். பத்தாயிரத்துல ஒண்ணுதானேன்னு தோணும். எனக்கும் அந்த நம்பர் சின்னதாத்தான் தெரியுது. அது கூடற வேகம்தான் உறுத்துது.

சரி, இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, சாட்டிலைட் கதை, நம்ம ஊர்ல யாராவது காட்டுக்குள்ள போய் மரத்தை எண்ணியிருக்காங்களான்னு கேட்பீங்க. எண்ணியிருக்காங்க. முதுமலையில 50 ஹெக்டேர் காட்டை 1988ல் பிரிச்சு எடுத்து, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று முதல் பெரிய மரம் வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆட்கள் தலைமுறை மாத்தித் தலைமுறை அளந்துக்கிட்டு வர்றாங்க. பேராசிரியர் சுகுமார் ஆரம்பிச்சு வெச்ச வேலை. நடுவுல யானை வந்து மரத்தை முறிக்கும், கோடையில தீ வரும், அதையும் கணக்குல எழுதிக்குவாங்க. அங்கே தெரிஞ்ச விஷயம் ஒண்ணு என் மனசுல தங்கிடுச்சு. மழை பொய்ச்சா மரம் அந்த வருஷமே செத்துடறதில்லை. தாக்குப்பிடிச்சு நின்னுட்டு, ரெண்டு மூணு வருஷம் தள்ளி சாவு எண்ணிக்கை ஏறுது. 2019ல் பூண்டி, சோழவரம், புழல் எல்லாம் காய்ஞ்சு கிடந்ததே, லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னோமே... அந்தக் கோடையோட கணக்கை மரங்கள் எப்போ முடிச்சதுன்னு நம்ம மாவட்டத்துல யாரும் நம்பர் போட்டு வெச்சதா நான் கேள்விப்படலை.

ஆனா இந்தப் புதுக் காற்றுல ஜெயிக்கிற மரங்களும் உண்டு. நைட்ரஜனைத் தானே சம்பாதிச்சுக்கிற மரத்துக்கு மெஸ் மாஸ்டர் தயவு தேவையில்லை. பொன்னேரி, பழவேற்காடு பக்கம் மணல்ல நிக்கிற சவுக்குத் தோப்புகளைப் பார்த்திருப்பீங்க. சவுக்கு வேர் முடிச்சுல ஃபிரான்கியான்னு ஒரு பாக்டீரியா குடியிருந்துக்கிட்டு காற்று நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்குது. சீமைக் கருவேலத்துக்கும் அந்த மாதிரி ஒரு கூட்டாளி உண்டு. தாகத்தையும் தாங்கும். 1877ல் ஆந்திராவுல கொண்டு வந்து நட்டாங்க, இப்போ ரயில் தண்டவாளம் ஓரமெல்லாம் அதோட ராஜ்ஜியம்தான். மாறிக்கிட்டிருக்கிற காற்று இந்த மாதிரி ஆட்களுக்குச் சாதகம். இதுக்கு நேர் எதிர்ல நிக்கிறது நம்ம கடற்கரையோட பழைய காடு. பாலை, காசா, வீரைன்னு குட்டையா, கெட்டியான இலையோட, வருஷம் பூரா பச்சையா நிக்கிற உலர் பசுமைமாறாக் காடு. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவுல நல்லா மிஞ்சியிருக்கு, ராக்கெட் தளத்துக்குள்ள யாரும் விறகு வெட்டப் போக முடியாதுங்கிற புண்ணியத்துல! அந்த மரங்கள் ஆமை வேகம். கட்டை இரும்பு. எண்பதுக்கும் மேற்பட்ட மர வகைகளோட வளைய ஆண்டுக்கணக்கைப் பார்த்த ஒரு ஆய்வு 2020ல் என்ன சொன்னதுன்னா, வேகமா வளர்ற மரம் பொதுவா சீக்கிரமே சாகுது. செத்தா, சேர்த்து வெச்ச கார்பன் மறுபடி காற்றுக்கு.

இதை வீட்டுல சொன்னப்போ அப்பா, "பின்ன? மரம் இன்னா மிஷினா, ஸ்பீடு ஏத்திக்கினே போறதுக்கு?" அப்படின்னார். மூணு மாசம் நான் படிச்சதை ஒரு வரியில முடிச்சுட்டார் மனுஷன்.

இப்போ கணக்குக்கு வருவோம். போன செமஸ்டர்ல கேம்பஸ் இண்டர்வியூ. கம்பெனி பேர் வேணாம். ரெஸ்யூம்ல செமினார் டாபிக்கைப் பார்த்துட்டு பேனல்ல ஒரு சார் கேட்டார்: "ஒரு பிளாண்டோட கார்பனை சரிக்கட்ட எத்தனை மரம் நடணும்?" நான் பேப்பர் கேட்டேன். வல்லூர் அனல் மின் நிலையத்துல 500 மெகாவாட் யூனிட் மூணு இருக்கு. அதுல ஒண்ணே ஒண்ணை எடுத்துக்கிட்டேன். ஒரு நாள் முழு வேகத்துல ஓடினா 1 கோடியே 20 லட்சம் யூனிட் கரண்ட். நிலக்கரி கரண்ட் யூனிட்டுக்குச் சுமார் 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னு வெச்சா, ஒரு நாளைக்கு 10,800 டன். ஒரு வளர்ந்த மரம் வருஷத்துக்கு 22 கிலோ பிடிக்கும்னு பொதுவா சொல்வாங்க. அது வருஷத்துக்குப் பன்னிரண்டு கிலோ காய்ந்த கட்டை சேர்க்கிற மரம். வகுத்துப் பாருங்க, ஒரு யூனிட்டோட ஒரே ஒரு நாள் மூச்சைப் பிடிக்க, கிட்டத்தட்ட 5 லட்சம் மரம் ஒரு வருஷம் பூரா வேலை செய்யணும். மறுநாளுக்கு வேற 5 லட்சம்!

"இது மரம் நல்லா வளர்ந்தா, சார். மண்ணு எப்படி, தண்ணி யார் ஊத்தறது, புயல் வருமா, அதெல்லாம் இதுல இல்லை"ன்னு சொன்னேன். 2016 டிசம்பர்ல வர்தா புயல் ஒரே நாள்ல நம்ம பக்கத்து மரங்களைச் சாய்ச்சுப் போட்டதையும் சொன்னேன். ஒருத்தர் ஏதோ எழுதிக்கிட்டார். இன்னொருத்தர் வாட்ச் பார்த்தார். அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடலை. அதுக்கு இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆப்டிட்யூட் பேப்பர்ல நான் எப்பவுமே சுமார்தான்.

அப்போ மரம் நடறதே வேஸ்ட்டான்னு கேட்காதீங்க. நிழல் இருக்கு, தூசி அடங்குது, குருவி வருது, ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க உட்கார ஒரு இடம் கிடைக்குது. ஃபேக்டரி அனுமதி நிபந்தனைகள்ல 33 சதவீதம் பசுமைப் பரப்புன்னு ரொம்ப காலமா எழுதிக்கிட்டு வந்ததுக்கும் அர்த்தம் இருக்கு. சிம்னிக்கு ரசீது மாதிரி அந்த மரத்தைக் காட்டறதுதான் எனக்குச் செரிக்கலை. அதைவிடச் செரிக்காதது, ஏற்கெனவே நிக்கிறதை வெட்டிட்டு 'வேற இடத்துல பத்து நடறோம்'னு சொல்றது.

எங்க தாலுகாவுல மேற்கே தேர்வாய்கண்டிகைன்னு ஒரு ஊர். 2020ல் சென்னைக்குக் குடிதண்ணிக்காகத் திறந்த நீர்த்தேக்கம் அந்தப் பேரையும் சேர்த்துத்தான் வெச்சிருக்கு. அதுக்கு முன்னாடி, 2007 வாக்குல, அந்த ஊரோட ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போச்சு. ரெக்கார்டுல அது மேய்க்கால் நிலம். ஊர்க்காரங்க அதைக் காடுன்னு சொன்னாங்க, மாடு மேயற இடம், ஏரிக்குத் தண்ணி வர்ற வழின்னு சொன்னாங்க. போராடினாங்க, வழக்கும் போட்டாங்க. இன்னிக்கு அங்கே ஃபேக்டரிகள் ஓடுது, நிறைய பேருக்கு வேலையும் கொடுக்குது. எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் அண்ணன் அங்கேதான் போறார், அந்தச் சம்பளத்துலதான் இவன் படிக்கிறான். நான் அவன்கிட்ட போய் என்ன பேச? ஆனா ஒரு விஷயம் மட்டும் ஸ்லைடுல தைரியமா எழுதினேன். மேய்க்கால் புதர் வெட்டுப்பட்டாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். இந்த மண்ணோட பஞ்சத்துக்கும் இந்த வெயிலுக்கும் பல காலமா பழகின வேர் அது. கார்பன் கணக்குல அதைப் 'புறம்போக்கு'ன்னு பூஜ்யம் போட்டுட்டு, நர்சரியில வாங்கின கன்றுக்கு 22 கிலோ போடறோம். 22 கிலோ பிடிக்கிற அளவுக்கு அந்தக் கன்று வளர எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டா, விழா முடிஞ்சு பந்தலைப் பிரிச்சிருப்பாங்க.

மேடம் அந்த ஸ்லைடை எடுக்கச் சொல்லலை. "எங்கே இருந்து தெரிஞ்சுது, கன்று எவ்ளோ வளருதுன்னு?" அப்படின்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கும் பதில் இருந்தது. செகண்ட் இயர்ல எங்க என்.எஸ்.எஸ். யூனிட் ஒரு காம்பவுண்ட் சுவர் ஓரமா நாப்பது கன்று நட்டது. ஃபோட்டோ எடுத்து முடிச்சதும் எல்லாரும் மறந்தாச்சு. நானும் ரெண்டு தோழிகளும் அம்மாவோட தையல் டேப்பை எடுத்துக்கிட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவை போய் அளப்போம். செய்முறை ரொம்ப ஈஸி, நீங்களும் பண்ணலாம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்துல சுவத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுக்குங்க. அந்த மட்டத்துல மரத்தைச் சுத்தி டேப்பை இறுக்காம பிடிச்சு அளந்து, தேதியோட நோட்டுல எழுதணும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல அளக்கணும், அதுக்காக மரத்துலயும் பெயிண்ட்ல சின்னதா ஒரு புள்ளி வையுங்க. கன்று அந்த உயரத்தை எட்டலைன்னா உயரத்தை மட்டும் எழுதுங்க. புதுத்துளிர் எப்போ வந்தது, பூ எப்போ வந்ததுன்னு பக்கத்துல ஒரு காலம் போட்டு வெச்சா, சித்திரைக்குப் பூக்க வேண்டிய கொன்றை மாசியிலயே பூக்குதான்னும் தெரிஞ்சுடும்.

நாப்பதுல இப்போ பதினேழு நிக்குது. அதுல பதினொண்ணு புங்கன், நாலு வேம்பு, ஒரு மகிழம், ஒரு நாவல். இந்த மார்ச்ல அளந்தப்போ பெரிய புங்கன் போன வருஷத்தை விட 4 சென்டிமீட்டர் கூடியிருந்தது. வேம்பு ஒன்றரை. மகிழம் அப்படியே நிக்குது, ஆனா இலை பச்சையா இருக்கு. நாவலோட சுவர் பக்கத்து இலையெல்லாம் ஒரே கரி, துப்பட்டாவால துடைச்சா துப்பட்டாதான் கருப்பாச்சு. அடுத்த அளவு செப்டம்பர்ல, மழைக்கு முன்னாடி. எனக்கு அப்போ டி.சி. கைக்கு வந்திருக்கும். டேப்பும் நோட்டும் செகண்ட் இயர் பொண்ணு ஒருத்திகிட்ட இருக்கு. வேம்புலேருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கேன், அங்கேதான் காலையில நிழல்.